ஆராய்ச்சிப் படிப்பும் மனநலப் பிரிவு ஓ.பி. சீட்டும்

பி.எச்.டி. சேர்ந்த நாலாவது வருடம் எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டேன், படிப்பையும் முடித்தேன். எங்கள் துறையில் இதே நிலையில் இருந்தவர்கள் வேறு சிலரும் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரே காரிடாரில் நடந்துகொண்டு யாரும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறோம். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஒரு மூலிகைச் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களை என்ன செய்கிறது என்பது என் தலைப்பு. செல் வளர்ப்பில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றியே ஆக வேண்டும். நன்றாக இருந்தால் அந்தத் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். பாக்டீரியா புகுந்துவிட்டால் மஞ்சளாகிக் கலங்கிவிடும். அப்போது செல்கள் வளரும் எல்லா ஃப்ளாஸ்க்கையும் பிளீச்சில் கொட்டி, இன்குபேட்டரை ஆல்கஹாலில் துடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்த செல்கள் இருக்கும் சிறு குப்பியை எடுத்து உருக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் வேலை போய்விடும். அந்த வருடம் இது திரும்பத் திரும்ப நடந்தது. இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போதே கை நடுங்கும் அளவுக்குப் போனது.

அது மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். எழுதிக் கொடுத்த ஆய்வுக் கட்டுரை, அதாவது பேப்பர், என் ஆய்வு வழிகாட்டியான கைடின் மேஜையில் மாதக்கணக்கில் கிடந்தது. 2022-ல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் ஆய்விதழில் பேப்பர் வெளியிடுவது கட்டாயம் இல்லை, ஆனால் எங்கள் இடத்தில் கேட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். என்ற மாத உதவித்தொகையை (ஃபெல்லோஷிப்) 2023 ஜனவரியிலிருந்து 37,000 ரூபாய் ஆக்கினார்கள். நல்ல தொகைதான். அது மாதாமாதம் வந்தால்தானே? சேர்ந்து சேர்ந்து வரும். நடுவில் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வயதில் அப்படிக் கேட்பது எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஃபெல்லோஷிப்பே இல்லாமல் ஆராய்ச்சி செய்பவர்கள் பாடு இதைவிட மோசம்.

முதலில் போனது தூக்கம். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் கண் மூடாது. கைடின் மெயில் வந்தால் திறக்காமலே வைத்திருப்பேன். அம்மாவின் போனை எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில், தூங்கினால் எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்ற ஆரம்பித்தது. பக்கத்து லேப் சீனியர் அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். அவரிடம் மட்டும் சொன்னேன். "நாளைக்கு காலைல ரெடியா இரு, நானும் வர்றேன்" என்றார். அவ்வளவுதான், அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். மருத்துவர் தூக்கம், பசி, எடை எல்லாம் கேட்டுவிட்டு, குரலை மாற்றாமல், "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் பதறவில்லை. "எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்று அடுத்த கேள்வி கேட்டார். இல்லை என்றதும் எழுதிக்கொண்டார். இவ்வளவு நேராகப் பேசக்கூடிய விஷயமா இது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதனை எழுதினார், அவற்றாலும் இப்படிச் சோர்வு வருமாம். பிறகு எஸ்சிடலோப்ராம் என்ற மனச்சோர்வுக்கான மாத்திரை, குறைந்த அளவில். முதல் சில நாள் குமட்டும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், இடையில் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே குமட்டியது, சொன்னபடியே தூக்கம் முதலில் திரும்பியது.

அம்மாவுக்கு ஒரே பயம். மாத்திரை பழகிவிடும், கல்யாணத்துக்குத் தடையாகும் என்று. அடுத்த முறை அவரையும் கூட்டிப் போனேன். இது போதை மாதிரிப் பழகும் மருந்து இல்லை என்று மருத்துவரே பொறுமையாக விளக்கினார். கைடிடம் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விடுப்பு எடுத்தேன், நோயின் பெயரைச் சொல்லவில்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

மாத்திரை தூக்கத்தைத் திருப்பித் தந்தது. மேஜையில் கிடந்த பேப்பரை அது நகர்த்தாது. அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் வேலையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதுவரை அதை ஒரு சடங்காகத்தான் எல்லோரும் நடத்தினோம். குழுவில் இருந்த ஒரு பேராசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். அடுத்த கூட்டத்தில் அவர் மூன்று விஷயங்களை மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எழுத வைத்தார்: எலிகளை வைத்துச் செய்ய இருந்த பகுதி வேண்டாம், பேப்பருக்குத் திருத்தம் இந்தத் தேதிக்குள் வர வேண்டும், ஞாயிறு வேலையை லேபில் முறை வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு உண்மையில் மூச்சு வந்தது அன்றைக்குத்தான். எப்போது முடியும் என்றே தெரியாமல் இருப்பதுதான் இந்தப் படிப்பில் ஆளைத் தின்கிறது என்று நான் நினைக்கிறேன். முடிவு கண்ணில் தெரிந்த பிறகு, மஞ்சளான ஃப்ளாஸ்க் வெறும் ஃப்ளாஸ்க்காகத்தான் தெரிந்தது.

2018-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வந்த ஒரு ஆய்வை அந்த நாட்களில் படித்தேன். 26 நாடுகளில் 2,279 பேரிடம் கேட்டதில் 39 சதவீதம் பேருக்கு நடுத்தரம் முதல் கடுமையான மனச்சோர்வு. பெரும்பாலானவர்கள் பி.எச்.டி. மாணவர்கள். பாதிக்கப்பட்டவர்கள் கூடுதலாகப் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனாலும் இது என் ஒருத்தியின் பலவீனம் இல்லை என்று நம்ப அது எனக்கு உதவியது.

வைவா என்ற இறுதி வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகும் கொஞ்ச காலம் மாத்திரை தொடர்ந்தது. மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இப்போது துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே யு.ஜி.சி. விதிகளைப் படிக்கச் சொல்கிறேன். ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் வரை அனுமதி கிடைக்கலாம் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. கூடவே 14416 என்ற எண்ணையும் போனில் பதியச் சொல்கிறேன். அது அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.