வெள்ளைப் புகை: ஒரு பழைய பிக்கப்பின் பழுது நாட்குறிப்பு

2023 ஜூன் 3, சனி

வண்டி: 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல் பிக்கப், டர்போ கிடையாது. சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு பிளாக், அதன்மேல் மூடியாக வால்வுகளைத் தாங்கும் அலுமினிய ஹெட். ஓடோமீட்டர் 3,12,000-இல் நின்றுவிட்டது; உண்மையில் எவ்வளவு ஓடியது என்பது வண்டிக்கே வெளிச்சம்.

கோளாறு: 200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூலன்ட் காணாமல் போகிறது. தரையில் சொட்டு இல்லை. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் மூன்றையும் ஏற்கெனவே மாற்றியாச்சு. சோதிக்காமல் மாற்றியதால் மூன்றும் தண்டம்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடமே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடுகிறது. கூலன்ட் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. ஆகவே இது சூட்டினால் வந்த அழுத்தம் அல்ல. எரிந்த வாயு கூலன்டுக்குள் ஏறுகிறது.

உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றைத் திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். கரியமில வாயு இருந்தால் நீலம் மாறும். கூலன்ட் மட்டத்தை முதலில் மூன்று அங்குலமாவது இறக்கிவிட வேண்டும்; கூலன்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் அந்தத் திரவம் வீண். முதல் தடவை அப்படித்தான் வீணானது. டீசலில் ஐடிலில் கரியமில வாயு குறைவு என்பதால் நிறம் மெதுவாகத்தான் மாறும். அரை நிமிடத்தில் விட்டுவிடாமல், இன்ஜினைக் கொஞ்சம் ரெய்ஸ் செய்து நாலைந்து நிமிடம் பார்க்க வேண்டும். நீலம் பச்சையாகி, பிறகு மஞ்சள் கலந்தது.

ஜூன் 4, ஞாயிறு

எந்த சிலிண்டர்? க்ளோ பிளக் (குளிர்ந்த டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) நாலையும் கழற்றி, அந்தத் துளை வழியாக கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தாச்சு. இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். M10 பிளக்குக்கு 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் கழுத்து ஒடியும். ஒடிந்தால் முனை ஹெட்டுக்குள் தங்கிவிடும். இரண்டாவது பிளக் 30-இல் நின்று அடம்பிடித்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி எடுக்க 40 நிமிடம்.

டீசலை நிறுத்த, இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்டாப் சோலனாய்டு வயரைப் பிடுங்கிவிட்டு கிராங்க் செய்தால்: 27, 26, 21, 26 பார். மூன்றாவதுதான்.

ஆனால் குறைவு என்பது ரிங்காகவும் இருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரெஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, க்ளோ பிளக் துளை வழியாக 6 பார் காற்று கொடுத்தாச்சு. ஆயில் மூடியில் காது வைத்தால் லேசான சீறல்; ரிங் வழியாகக் கசிவது, அது இந்த வயதுக்குச் சகஜம். சைலன்சர் வாயில் சத்தமில்லை, ஆக எக்ஸாஸ்ட் வால்வு சரி. ரேடியேட்டர் வாயில் குமிழ்கள் கொதிக்கிற உலை மாதிரி. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்டிலேயே விரிசல். இரண்டுக்கும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஜூன் 10, சனி

கூலன்ட் இறக்கியாச்சு: 8 லிட்டர் பிடிக்க வேண்டிய இடத்தில் 5.5. நிறம் பச்சையல்ல, டீத்தண்ணீர்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் 8 நட். மூன்று நாளாக எண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஏழுதான் வந்தன. பின்கோடியில் இருந்தது ஸ்டட்டோடு (ஹெட்டில் பதிந்த தலையில்லாத போல்ட்) ஒடிந்தது, அதுவும் ஹெட்டின் மட்டத்துக்கே. கோடியில் இருப்பவைதான் பெரும்பாலும் ஒடியும்: மேனிஃபோல்ட் சூட்டில் நீண்டு சுருங்கும் இழுப்பு அங்கேதான் அதிகம்.

டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க், கேம், இன்ஜெக்ஷன் பம்ப் மூன்று புல்லியின் குறிகளையும் நேராக்கி, பெயின்ட்டால் கோடு போட்டு, படமும் எடுத்தாச்சு.

ஹெட் போல்ட் 10. வெளிக்கோடியிலிருந்து நடுவுக்கு, ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு வீதம் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பத்தும் வந்தபின்னும் ஹெட் அசையவில்லை. நெம்புகோல் கைக்கு வரும் கணம் இதுதான். அப்போதுதான் ஹெட்டும் பிளாக்கும் பொருந்தும் முகம் கீறிப்போகும். டைமிங் கவருக்குப் பின்னால், கிரீஸ் அப்பிக்கிடந்த குழியில், இரண்டு சின்ன M8 போல்ட் ஒளிந்திருந்தன. எடுத்ததும் மேனிஃபோல்ட் ஸ்டட்டைப் பிடித்து ஆட்டிய ஆட்டிலேயே ஹெட் விட்டுக்கொடுத்தது.

கேஸ்கெட்டில் மூன்றாவது சிலிண்டரின் நெருப்பு வளையம் கருகி, பக்கத்து நீர்த்துளை வரை ஒரு கரிய கோடு. அந்தப் பிஸ்டனின் தலை மட்டும் நீராவியில் கழுவி எடுத்தாற்போலப் பளபளப்பு. மற்ற மூன்றிலும் கரி.

ஜூன் 11, ஞாயிறு

முழு நாளும் ஒரே ஒரு ஸ்டட். ஸ்டட் ரிமூவரை உள்ளே விட்டுத் திருகலாம் என்று தோன்றும், வேண்டாம். அது கடினமான எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் ஏறாது. ஒடிந்த முனைமேல் ஒரு M8 நட்டை வைத்து, அதன் துளை வழியாக மிக் வெல்டு நிரப்பினால் ஸ்டட்டும் நட்டும் ஒட்டிக்கொள்ளும். எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. வெல்டின் சூடே துருவையும் உடைக்கும். முதல் நட் பிய்ந்தது, இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவதைச் செந்நிறம் போகும்வரை ஆறவிட்டு, மெழுகைத் தொட்டு உருகவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டியதில் கிறீச்சென்று வந்தது. மரையில் பாதி கூடவே வந்துவிட்டது. 8.3 மி.மீ. டிரில் போட்டு, அதற்குரிய டேப்பால் மரை வெட்டி, புது மரையாக நிற்கும் ஹெலிகாயில் கம்பிச் சுருளை ஏற்றியாச்சு.

ஜூன் 14, புதன்

ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பை நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவிட்டமாக இரண்டு என்று ஆறு கோட்டில் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தாச்சு. இந்த இன்ஜினின் மேனுவல் அனுமதிப்பது 0.05 மி.மீ.; மூன்றாவது சிலிண்டர் பக்கம் 0.10 தாராளமாக நுழைகிறது. லேத் பட்டறைக்குப் போயாச்சு. சூடான நீரில் அமிழ்த்திக் காற்று கொடுத்து விரிசல் பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகுதான் ஃபேஸிங், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்குவது. தலைகீழாகச் செய்தால் விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கூலி கொடுத்ததாக ஆகும். குமிழ் வரவில்லை. 0.12 மி.மீ. சீவினார்கள், மொத்த அனுமதி 0.20, அதாவது இந்த ஹெட்டுக்கு இனி இன்னொரு ஃபேஸிங் கிடையாது. சீவிய அளவுக்கு வால்வு பிஸ்டன் பக்கமாக நீட்டி நிற்கும் என்பதால் வால்வு உட்காரும் சீட்டையும் வெட்டி, வால்வின் ஆழத்தை அளந்து வாங்க வேண்டும்.

ஜூன் 17, சனி

கேஸ்கெட் ஏன் போனது? இதைக் கேட்காமல் புதுசு போட்டால், அதுவும் அதே வழியில் போகும். ஹெட் பட்டறையில் இருக்கும் இந்த நாட்கள் அதற்குத்தான்.

ரேடியேட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய்களின் வாயில் வெள்ளை உப்பு. எத்தனையோ வருடம் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன். அடிப்பக்கக் குழாய்களில் பாதி அடைப்பு. வெளியே, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேறும் பூச்சியும் கம்பளி போல் படிந்திருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. இன்ஜின் சூடானதும் விசிறியைப் பிடித்துச் சுழலவைக்கும் விசிறிக் கிளட்ச்சும் செத்துவிட்டது: இன்ஜின் சூடாக நின்றபின் கையால் சுழற்றினால் அரைச் சுற்றில் நிற்க வேண்டியது, கோளாறு தொடங்கியபோது குறித்துவைத்தபடி இது நாலு சுற்று ஓடியது. நடுவில் சிலிக்கான் எண்ணெய் கசிந்து தூசி அப்பிய வளையமும் இருக்கிறது. ரேடியேட்டர் புதுசு, கிளட்ச் புதுசு. முதலில் மாற்றிய அந்த மூன்று பாகத்தில் ஒன்றுகூட இதில் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

பிளாக் முகத்தைச் சுத்தம் செய்ய டிரில்லில் மாட்டும் நார் வட்டு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர், பொறுமை. பிஸ்டன் ஓரத்து இடைவெளியில் கிரீஸைத் தடவிவிட்டால் உதிரும் கரி அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வழித்தெடுக்கலாம்.

போல்ட் துளைகள் அடி மூடியவை. உள்ளே கூலன்ட் தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது அமுங்க இடமின்றி பிளாக்கையே பிளந்துவிடும். பத்துத் துளையில் ஏழில் தண்ணீர். காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, மறுபடி காற்று. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக்கூடாது.

டயல் கேஜை வைத்துப் பிஸ்டன் பிளாக் முகத்துக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்தாச்சு. பிஸ்டனைத் தாங்கும் பின் (pin) இருக்கும் கோட்டின் மேல் இரண்டு புள்ளியில் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். 0.62, 0.66, 0.64, 0.69. இருப்பதில் பெரிய எண்ணுக்கே கேஸ்கெட் தேர்வு. கேஸ்கெட்டின் தடிமனை அதன் ஓரத்து வெட்டுகளின் எண்ணிக்கை காட்டும்; கிட்டில் வந்தது ஒரு வெட்டு உள்ள மெல்லிய ரகம். இந்த அளவுக்கு வேண்டியது இரண்டு வெட்டு. மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டைத் தொடும், தடித்ததைப் போட்டால் கம்ப்ரெஷன் குறைந்து குளிரில் ஸ்டார்ட் ஆகாது. திருப்பி அனுப்பியாச்சு. ஒரு வாரம் போனது.

ஜூன் 24, சனி

பழைய ஹெட் போல்ட்டைப் புதியதோடு நிறுத்திப் பார்த்தால் இரண்டு கிட்டத்தட்ட ஒரு மி.மீ. நீண்டிருக்கின்றன. கோணம் வைத்து இறுக்கும் போல்ட்டுகள் இழுபட்டு வேலை செய்பவை. இரண்டாம் தடவை போடக்கூடாது. பத்தும் புதுசு.

கேஸ்கெட்டில் பசை எதுவும் இல்லை, உலர்ந்தபடியே. மரைக்கும் வாஷருக்கும் மட்டும் லேசாக இன்ஜின் ஆயில். சொட்டும் அளவுக்கு வேண்டாம். நடுவிலிருந்து வெளியே, சுருள் வரிசையில்: 40 நியூட்டன் மீட்டர், 80, பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. இந்த எண்கள் இந்த இன்ஜினுக்கு மட்டும். போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டால் கோணக் கருவி இல்லாமலே கால் சுற்று தெரியும். எதைத் திருப்பினோம், எதை விட்டோம் என்ற குழப்பமும் இல்லை.

இன்ஜெக்டர் அடியில் செம்பு வாஷரும் வெப்பத் தடுப்புத் தகடும் புதுசு. வால்வு கேப் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 0.25 மி.மீ.

ஜூன் 25, ஞாயிறு

டீசல் லைனில் காற்று. ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்தி, இன்ஜெக்டர் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, டீசல் நுரையின்றி வரும்வரை கிராங்க் செய்து இறுக்கியாச்சு. ஸ்டார்ட்டரை 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒரு நிமிடம் ஆறவிட்டு அடிக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆனது. பின்னால் திரைபோட்டாற்போல் வெள்ளைப் புகை.

மூன்று வாரத்து வேலை போச்சு என்று தோன்றும் இடம் இது. ஆனால் கூலன்ட் புகை இனிப்பு வாடை அடிக்கும், கண்ணை உறுத்தாது. இது கண்ணைக் கரிக்கிறது: எரியாத டீசல். ரேடியேட்டரில் குமிழ் ஒன்றுகூட இல்லை. கவரைத் திறந்து பார்த்தால், பம்ப் புல்லி ஒரு பல் பின்தங்கியிருக்கிறது. பெல்ட் தளர்ந்ததும் பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தம் புல்லியைச் சற்றே உருட்டிவிடும்; பெல்ட் மாட்டும்போது அதைக் குறியில் பிடித்து நிறுத்தவில்லை. 24 பல் கிராங்க் கியரில் ஒரு பல் என்றால் 15 டிகிரி. அவ்வளவு தாமதமாக டீசல் விழுந்தால் பாதி எரியாமலே வெளியேறும். ஸ்டார்ட் செய்யும் முன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளைச் சரிபார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேம் புல்லி அப்படி நகர்ந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கலாம்.

புல்லியைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, பெல்ட்டை மறுபடி மாட்டி, கையால் இரண்டு சுற்று. மூன்று குறியும் நேர். புகை நின்றது.

ஜூலை 1, சனி

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. முதலில் ஊற்றியபோது 6.2 லிட்டரிலேயே நிரம்பிவிட்டது; மீதி 1.8 லிட்டர் காற்று. தெர்மோஸ்டாட்டில் காற்றை வெளியேவிடும் ஆடும் ஊசி மேல்பக்கம் பார்த்து இல்லாமல் கீழே இருந்ததுதான் காரணம். திருப்பிப் போட்டு, மூக்குப் பக்கத்தை ரேம்பில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைப் பிழிந்து பிழிந்து விட்டதில் மிச்சமும் உள்ளே போனது.

அகச்சிவப்பு வெப்பமானியில் ரேடியேட்டர் மேலே 86, கீழே 71 டிகிரி, இடம் வலம் ஒரே சீராக. மேல் ஹோஸ் கையில் அமுங்குகிறது.

ஜூலை 8, சனி

310 கிலோமீட்டர். கூலன்ட் மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றியாச்சு; ஹெட்டைத் தூக்கியபோது எவ்வளவு கூலன்ட் கீழே இறங்கியது என்று சொல்ல முடியாது. வடித்த ஆயிலில் பால் நிறம் இல்லை. இன்ஜெக்ஷன் பம்ப் டைமிங்கை டயல் கேஜ் வைத்து நுணுக்கமாகச் சரிபார்ப்பது பாக்கி. வால்வு கவரின் பின்மூலையில் ஆயில் வியர்க்கிறது. ரப்பர் கேஸ்கெட் வளைவில் ஒரு சொட்டு சிலிக்கான் வைக்க மறந்த இடம்.