ஓநாய்க்குட்டிக்குப் பால் கொடுத்தது யார்?

ஆதிமனிதனையும் ஓநாயையும் வைத்துக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியில்தான் தொடங்குகிறார்கள். வேட்டைக்குப் போன பையன், தாயை இழந்த குட்டி, குளிர் இரவு, நெருப்பு. பையன் ஒரு துண்டு இறைச்சியை நீட்டுகிறான். குட்டி தயங்கித் தயங்கி வந்து தின்றுவிட்டு அவன் மடியில் சுருண்டு படுக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அது வளர்ந்து அவனோடு வேட்டைக்குப் போகிறது. படிக்க இதமான காட்சிதான். ஆனால் இறைச்சி தின்னும் வயதில் அகப்பட்ட ஓநாய்க்குட்டி மனிதனோடு சரியாக ஒட்டாது. ஒட்டக்கூடிய வயதில் அகப்பட்ட குட்டிக்கோ இறைச்சி தின்னப் பல்லே முளைத்திருக்காது.

இந்த முடிச்சை அவிழ்க்காமல் எழுதினால், கதையில் வருவது ஓநாய் என்று பெயர் மாற்றிய நாய்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஓநாய் குளிர்காலத்தின் கடைசியில் இணை சேரும். சுமார் 63 நாள் சூல். வசந்தத்தில் நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறக்கும், ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பிறக்கும்போது கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரமாகும். பாற்பல் மூன்றாவது வாரத்தில் எட்டிப்பார்க்கும். கதாசிரியருக்கு மிகவும் பயன்படும் செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஓநாய்க்குட்டி இரண்டு வார வயதிலேயே நடக்கவும் மோந்து பார்க்கவும் தொடங்கிவிடுகிறது. அப்போது அதற்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். காது கேட்க நான்கு வாரம், பார்வை தெளிய ஆறு வாரம் ஆகும். நாய்க்குட்டி அப்படியல்ல, அது நான்கு வாரத்தில்தான் சுற்றிப் பார்க்கத் தொடங்கும். அதற்குள் அதன் காதும் திறந்துவிடும். கேத்ரின் லார்ட் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஒப்பீடு இது.

ஆகவே, எது தன் இனம், எது அந்நியம் என்று ஓநாய்க்குட்டி கற்கும் நாட்களில் அதன் உலகம் முழுக்க முழுக்க வாசனையால் ஆனது. புதிதாகக் கேட்கும் ஒவ்வொரு ஓசையும், பிறகு தெரியும் ஒவ்வொரு உருவமும் அதற்கு அதிர்ச்சி. அந்த நாட்களில் மனித வாசனையும் அதற்குள் இருந்தால்தான் மனிதன் 'நம்மவன்' ஆவான். ஓநாய்களைக் கையால் வளர்க்கும் ஆய்வகங்கள் அதனால்தான் குட்டிகளைப் பிறந்த பத்து நாள் அளவிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகின்றன. 2008இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஓநாய் அறிவியல் மையத்தில் அதன் பிறகு பல வாரம் இரவும் பகலும் மனிதர்கள் கூடவே இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்து வளர்க்கிற விஷயமில்லை இது.

குட்டியை எடுப்பது, நினைப்பது போல் உயிரைப் பணயம் வைக்கும் காட்சியாக இருக்க வேண்டியதில்லை. 1940இல் அலாஸ்காவில் அடால்ஃப் மியூரி என்ற உயிரியலாளர் ஓநாய் வளைக்குள் ஊர்ந்து போய் ஒரு குட்டியை எடுத்துவந்தார். பெற்றோர் விலகி நின்று குரைத்தன, ஊளையிட்டன, பாயவில்லை. அந்தக் கையாலாகாத ஊளை, இரத்தம் சிந்தும் சண்டையைவிடக் கதையில் கனமாக விழும்.

சரி, பத்து நாள் குட்டி குடிலுக்கு வந்துவிட்டது. பால்? ஆட்டையும் மாட்டையும் மனிதன் பழக்கியதற்குப் பல ஆயிரம் ஆண்டு முந்தைய காலம் இது. விலங்குப் பால் கிடையாது. பால் இருந்த ஒரே இடம் ஒரு பெண்ணின் மார்பு. இது கற்பனையான தீர்வு இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்கள் டிங்கோ என்ற காட்டுநாயின் குட்டிகளுக்கும், நியூகினிப் பெண்கள் பன்றிக்குட்டிகளுக்கும் தாய்ப்பால் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. நம் இலக்கியத்தில் செவிலித்தாய்க்கு எவ்வளவு பெரிய இடம் என்று நமக்குத் தெரியும். ஓநாய்க் கதைக்கும் அவள்தான் மையம். ஈட்டி பிடித்த பையனை மையத்தில் வைக்கும் கதைகள், நடந்திருக்கக்கூடியதிலேயே ஆகச் சிறந்த பகுதியைக் கதைக்கு வெளியே தள்ளிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

அவள் யார்? குழந்தையைப் பறிகொடுத்து மார்பு கட்டிக்கொண்ட பெண்ணாக இருக்கலாம். ஒரு பக்கம் சொந்தப் பிள்ளை, மறுபக்கம் குட்டி என்று இருக்கலாம். அப்படியானால் குடிலுக்குள் மாமியாரோ மூத்தவளோ ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார். பசிக்காலத்தில் பிள்ளையின் பங்கு குறைகிறது அல்லவா? இந்தப் பூசலே ஒரு அத்தியாயத்துக்குக் காணும்.

அந்த முதல் வாரங்களில் என்ன வேலை என்பதைக் கிட்ட நின்று காட்டலாம். குட்டி சில மணிக்கொரு தரம் குடிக்கும். நகம் மார்பைக் கீறும். மனிதப் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்குதான் புரதம். நாய்ப்பாலில் ஏழெட்டுப் பங்கு இருக்கிறது, ஓநாய்ப் பாலும் அந்த இனம்தான். அதனால் மனிதப் பாலை மட்டும் குடிக்கும் குட்டி மெலிந்தே இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து யாராவது ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் மென்று, கூழாக்கி, வாயிலிருந்தே ஊட்ட வேண்டும். காட்டில் தாயும் தந்தையும் வயிற்றிலிருந்து கக்கி ஊட்டுவதும் இதே வேலைதான். குட்டி பெரியவர்களின் வாயோரத்தை நக்குவது, 'கக்கு' என்று கேட்பதற்காக. முகத்தை நக்குவதை வெறும் பாசம் என்று எழுதாமல் பசி என்று எழுதினால் காட்சி உண்மையாகும்.

பெரும்பாலான கதைகளில் விட்டுப்போகும் இன்னொன்று உண்டு. சின்னக் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். ஆகவே ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் அந்தப் பெண் ஈரப் பாசியாலோ மெல்லிய தோல் துண்டாலோ அதன் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். விட்டால் குட்டி செத்துப்போகும். முதல் குட்டி இப்படிச் செத்து, இரண்டாவது குட்டிக்குக் கிழவி ஒருத்தி சொல்லிக்கொடுப்பதாக வைத்தால், அறிவு எப்படிக் கைமாறியது என்பதும் வந்துவிடுகிறது.

இத்தனை பாடுபட்டு வளர்த்தும் அது நாயாகாது. இதைத்தான் எழுத மனம் வராமல் பலர் நழுவுகிறார்கள். ஆறு மாதத்தில் ஏறக்குறைய முழு உயரம் வந்துவிடும். குடிலில் காயப்போட்ட தோலைக் கிழிக்கும், வாரைக் கடித்துத் துண்டாக்கும், வாயில் கவ்வியதை யாருக்கும் திருப்பித் தராது. இரண்டு வயதை நெருங்கி இனப்பெருக்கப் பருவம் வரும்போது குணம் மாறும். நொண்டுகிற, காய்ச்சல் கண்ட, தடுமாறுகிற ஆளை வளர்ந்த ஓநாய் சோதித்துப் பார்க்கும் என்று ஓநாய் பராமரிப்பவர்கள் எச்சரிப்பார்கள். காயம்பட்டு விழுந்த நாயகனை ஓநாய் காவல் காக்கும் காட்சி எத்தனை கதைகளில் வந்திருக்கிறது! அதே காட்சியில், நேற்றுவரை கூட விளையாடிய விலங்கு தலையைத் தாழ்த்தித் தன் நொண்டும் காலையே உற்றுப் பார்ப்பதை அவன் கவனிக்கட்டும். கதை எழுந்து உட்காரும்.

அதற்குப் பிறகு அது போய்விடவும் செய்யும். ஆஸ்திரேலியாவில் வளையிலிருந்து எடுத்து வளர்த்த டிங்கோக்கள் பருவம் வந்ததும் இணை தேடிக் காட்டுக்குத் திரும்பின, அடுத்த பருவத்தில் மக்கள் புதுக்குட்டிகளை எடுத்துவந்தார்கள். ஓநாய் நாயானது ஒரு குட்டியின் ஆயுளில் நடந்ததல்ல. போனவற்றுள் ஏதோ ஒன்று குடிலுக்குப் பக்கத்திலேயே குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் மனித வாசனையிலேயே பிறந்து, இப்படிப் பல தலைமுறை. நாவலாக எழுதுவதென்றால் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று பெண்களின் காலத்தைப் பிடித்தால் இதன் விளிம்பையாவது தொடலாம்.

வளர்ந்த ஓநாயின் நடத்தையில் சறுக்குகிற இடங்களும் சில உண்டு. 'கூட்டத் தலைவன்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது அது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மீச் 1999இல் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு மூன்று ஈற்றுப் பிள்ளைகள். சண்டையிட்டு வென்று தலைமை பிடிக்கும் நாடகம் அங்கே பெரும்பாலும் இல்லை. புருவத்தை உயர்த்திக் கெஞ்சும் பார்வையும் ஓநாய்க்கு வராது. உள்புருவத்தைத் தூக்கும் தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அப்படி இல்லை என்பதை 2019இல் வந்த உடற்கூறு ஆய்வு காட்டியது. நீலக் கண்ணும் வேண்டாம். குட்டிக்கு நீலமாக இருக்கும், சில மாதத்தில் மஞ்சளாகிவிடும்.

ஒத்துழைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓநாய் மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும். ஆனால் ஆஸ்திரிய மையத்தின் சோதனைகளில் நாய்கள் மனிதன் தொடங்கட்டும் என்று காத்திருந்தன, ஓநாய்கள் தாங்களே முந்தின. வேட்டைக் காட்சியில் கட்டளை போடும் மனிதனும் கீழ்ப்படியும் ஓநாயும் பொருந்தாததற்கு இதுதான் காரணம். ஓநாய் முன்னால் போகட்டும், மனிதர்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடட்டும்.

தீனி எங்கிருந்து வந்தது என்றும் வாசகர் கேட்பார். ஒரு வளர்ந்த ஓநாய்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மூன்று கிலோ இறைச்சி வேண்டும். பனிக்காலப் பஞ்சத்தில் இதை யார் கொடுப்பார்கள்? 2021இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் கதைக்கு நன்றாக உதவும். மனித ஈரல் அளவுக்கு மீறிய புரதத்தைத் தாங்காது. கொழுப்போ மாவோ இல்லாமல் கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் தின்றால் மனிதன் நோயில் விழுவான். குளிர்காலக் கடைசியில் கலைமான் மெலிந்து, உடம்பில் கொழுப்பே இருக்காது. மனிதர்கள் மஜ்ஜையையும் நாக்கையும் கொழுப்பையும் எடுத்துக்கொள்ள, வெறும் சதை மிஞ்சும். ஓநாய்க்கு அது விருந்து. 'தியாகம் செய்து ஊட்டினான்' என்று எழுதுவதைவிட, தொடைச் சதையை ஒதுக்கிவிட்டு எலும்பை உடைக்கும் கிழவியின் கைகளைக் காட்டுவது மேல்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் தொல்லை ஒன்று இருக்கிறது. நம் உவமைகள் எல்லாம் வயலிலிருந்தும் உலையிலிருந்தும் வந்தவை. இரும்பு நெஞ்சம், நெல்மணி, பானை வயிறு, நாழிகை, எஜமான் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் களைய வேண்டும். 'பனி' என்றால் நமக்கு மார்கழிப் புல்லின் ஈரமும் அதுதான், இமயமலையும் அதுதான். ஓடை உறைவது, காலடியில் நொறுங்குவது, காற்றில் தூளாய்ப் பறப்பது என்று வினையைப் பிரித்துக் காட்டினால் தப்பிக்கலாம். ஓநாய் என்றாலே வஞ்சகம் என்ற நினைப்பு ஆட்டிடையனுடையது. மந்தை இல்லாத காலத்தில் அந்தப் பகைக்கு இடமில்லை. அதே மானைத் துரத்தும் இன்னொரு குடும்பம், அவ்வளவுதான். காக்கைக் கூட்டம் ஓரிடத்தில் வட்டமிட்டால், ஓநாய் எதையோ வீழ்த்தியிருக்கிறது என்று மனிதனுக்குத் தெரியும்.

எந்த இடத்தில், எந்தக் காலத்தில் வைப்பது என்று கேட்டால், ரைன் ஆற்றங்கரையைச் சொல்வேன். பெல்ஜியத்தின் கோயே குகை மண்டையோடு ஏறத்தாழ 36,000 ஆண்டு பழையது, ஆனால் அது நாயா ஓநாயா என்ற வழக்கு தீரவில்லை. ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் அப்படிக் குழப்பமில்லை. 1914இல் கல்குவாரித் தொழிலாளர்கள் பாறைகளுக்கு அடியில் ஒரு நடுவயது ஆண், இருபது வயதுகளில் ஒரு பெண், செம்மண் நிறமி, எலும்பில் செதுக்கிய பொருட்கள் ஆகியவற்றைக் கண்டார்கள். கூடக் கிடந்த எலும்புகளில் நாயும் இருந்தது பல பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது. காலம் சுமார் 14,200 ஆண்டுகளுக்கு முன்பு.

அந்த நாய் இறந்தபோது ஏழு மாதம்கூட நிறையவில்லை. 2018இல் அதன் பற்களை மறுபடி பார்த்தவர்கள், பல்லின் மேற்பூச்சான எனாமலில் இருந்த குறைகளை வைத்து, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய் என்று கணித்தார்கள். 19ஆவது வார வாக்கில் நோய் கண்டிருக்கிறது. கவனிக்க ஆளில்லாவிட்டால் இந்த நோய் கடுமையாகத் தாக்கிய குட்டி மூன்று வாரம்கூடத் தாங்காது. இதுவோ இன்னும் எட்டு வாரம் கிடந்தது.

எட்டு வாரம் என்றால் என்னவென்று எழுத்தில் காட்ட வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. தானாக நீர் குடிக்காது, விரலை நனைத்து உதட்டில் வைக்க வேண்டும். படுக்கைத் தோல் நாளுக்குப் பலமுறை நாறும், ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் இரண்டொரு நாள் தேறி, எழுந்து நின்று, வாலை அசைத்து, மறுபடி விழும். வேட்டைக்கோ காவலுக்கோ அந்த நாட்களில் அதனால் ஒரு பயனும் இல்லை. குடில் மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், யாரோ ஒருவர் மட்டும் ஒவ்வொரு இரவும் எழுந்து அதைப் புரட்டிப் படுக்க வைப்பார். இதை ஒரே பத்தியில் முடித்துவிடாதீர்கள். மான்கள் ஆற்றைக் கடந்து போவதும், குழந்தைக்குப் பல் முளைப்பதும், கூட்டம் இடம்பெயர வேண்டிய நாள் நெருங்குவதும் நடுவில் வந்துபோகட்டும். ஒவ்வொரு முறை கதை குடிலுக்குத் திரும்பும்போதும் அந்தத் தோல் கொஞ்சம் ஈரமாக இருக்கட்டும்.