மஞ்சள் ஜெர்சிக்காக நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசினோம்

எங்கள் கால்பந்து கிளப்பின் புது ஜெர்சி மாதிரியை முதலில் பார்த்தவர்கள் பெரியமேட்டுக்கு ஷூ வாங்கப் போன பையன்கள். பிரிண்டிங் கடை மேசையில் கிடந்திருக்கிறது. மஞ்சள் போய் ஊதா வந்திருந்தது. நெஞ்சில் கிளப் பெயருக்கு முன்னால், அதன் ஒரு பகுதி போலவே, ஸ்பான்சரான ஒரு மனை விற்பனை நிறுவனத்தின் பெயர். போட்டோ அன்று ராத்திரிக்குள் வியாசர்பாடியைச் சுற்றி வந்து, செயலாளரின் போனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

கிளப் பெயரை இங்கே எழுதவில்லை. லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடுகிற சின்ன அணி. மேட்சுக்கு டிக்கெட் கிடையாது. முல்லை நகர், சர்மா நகர், எம்.கே.பி. நகர், புளியந்தோப்பு என்று பல பக்கமிருந்தும் மேளத்தோடு வந்து நிற்பவர்கள்தான் எங்கள் ரசிகர்கள். வடசென்னையில் கால்பந்து பொழுதுபோக்காக மட்டும் வளரவில்லை. பி அண்ட் சி துணி மில், ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே, துறைமுகம் என்று தொழிலாளர்கள் இருந்த இடமெல்லாம் பந்தும் இருந்தது. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்ற நம்பிக்கையும் இருந்தது. 1996இல் மில் மூடிய பிறகும் பந்து நிற்கவில்லை. என் தம்பி இந்த அணிக்கு கோல்கீப்பராக இருந்தவன். என் மகள் இப்போது காலையில் பயிற்சிக்குப் போகிறாள். அதனால் இதை வேடிக்கை பார்க்க என்னால் முடியவில்லை.

முதல் கூட்டம் மைதானத்து ஓரத்திலேயே நடந்தது. செயலாளர் அண்ணன் வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்று ஒருவன். "நீ எவ்ளோ குடுத்த கிளப்புக்கு?" என்று அவர். அதோடு பேச்சு முறிந்தது. மறுநாள் வாட்ஸ்அப்பில் அவரைத் திட்டி வாய்ஸ் நோட்டுகள். அவர் பதிலே போடவில்லை. அடுத்த மேட்சுக்கு யாரும் போகக்கூடாது, கறுப்புத் துணி கட்ட வேண்டும் என்று இளசுகள் துடித்தார்கள்.

அப்போது ஐ.சி.எஃப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது. "கிளப்பு யார் பேர்ல இருக்கு? ரெஜிஸ்டர் பண்ண சங்கம் தானே? பைலாவ யாராச்சும் படிச்சீங்களா?"

யாரும் படித்ததில்லை. எங்களைப் போன்ற கிளப்புகளில் பெரும்பாலானவை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவானவை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். சங்கத்தின் பைலா, அதாவது அதன் விதிகளின் நகல், பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். மனு எழுதி, கட்டணம் கட்டி நகல் கேட்டோம். பதிவு எண் தெரியாததால் கொஞ்சம் அலைந்தோம். கிளப்பின் பழைய லெட்டர்ஹெட் ஒன்று என் தம்பியின் சர்டிபிகேட்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. எண் அதில் அச்சாகியிருந்தது. நீங்களும் இப்படித் தேடப் போகிறீர்கள் என்றால் பழைய ஆட்டக்காரர்களின் வீட்டு பீரோவில் ஆரம்பியுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். மூன்று விஷயங்கள் தெரிந்தன. பெயரை மாற்ற சிறப்புத் தீர்மானம் வேண்டும். செயலாளர் தனியாக மாற்ற முடியாது. உறுப்பினராக விரும்புகிற யாரும் சந்தா கட்டி மனு கொடுக்கலாம். ஆனால் ஜெர்சி நிறம் பற்றி பைலாவில் ஒரு வார்த்தைகூட இல்லை. எந்த நிறத்துக்காக இவ்வளவு கோபப்பட்டோமோ அதற்கு எங்கள் கையில் சட்டம் கிடையாது. பெயருக்கு மட்டும் இருந்தது.

இதில் எனக்கு உறைத்தது மூன்றாவது விஷயம். இத்தனை வருடமாக மேளம் அடித்தோம், வேனுக்குப் பின்னால் பைக்கில் போனோம், காயம்பட்ட பையன்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். ஆனால் கிளப்பின் உறுப்பினர் புத்தகத்தில் எங்கள் பெயர் இல்லை. செயலாளர் கேட்டது கோபத்தில் கேட்டதுதான், ஆனாலும் சட்டப்படி கிளப் அந்தப் புத்தகத்தில் இருக்கிறவர்களுடையது. ஜெர்மனியில் 1998இலிருந்து இருக்கிற ஐம்பது கூட்டல் ஒன்று விதியும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், சில விதிவிலக்குகள் தவிர, ஓட்டில் பெரும்பான்மை கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். அங்கே ரசிகர்கள் சத்தமாக இருப்பதற்குப் பின்னால் உறுப்பினர் அட்டை இருக்கிறது. நாங்களும் சந்தா கட்டி மனு கொடுத்தோம். உடனே சேர்க்கவில்லை, செயற்குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்றார்கள். மனு வாங்கியதற்குக் கையெழுத்து மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம். அந்தக் கையெழுத்து பின்னால் ரொம்ப உதவியது.

இதற்கிடையில் எங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டோம். பேசப் போகிறவர்கள் மூன்று பேர் மட்டும்: அந்தப் பெரியவர், மேளக்காரப் பையன்களில் ஒருவன், நான். கணக்கு நோட்டும் ரசீதும் என் பொறுப்பு. வாட்ஸ்அப் குழுவில் யாரையும் பெயர் சொல்லித் திட்டினால் அன்றே நீக்கம். இதற்காக இரண்டு பேரை நீக்கவும் வேண்டியிருந்தது. ஒருவன் என் சொந்தக்காரப் பையன்.

பெரிய சண்டை வந்தது இதற்கெல்லாம் இல்லை, இலவசத்துக்கு. செயலாளர் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லி அனுப்பினார்: உங்கள் குழுவுக்குப் பத்து ஜெர்சி தருகிறோம், வெளி மேட்சுக்கு வேன் விடுகிறோம், மேளத்துக்குப் புதுத் தோல் போட்டுத் தருகிறோம். பையன்களுக்குச் சந்தோஷம். "குடுக்குறத ஏன்க்கா வேணாங்கற? நம்ம கிளப்பு காசு தானே?" என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. இன்றைக்கு ஊதா ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு, நாளைக்கு அதே ஜெர்சி வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? வேன் அவர்களுடையது என்றால் வேனில் யார் ஏறலாம் என்பதும் அவர்கள் முடிவுதான். கேள்வி கேட்கிறவனுக்கு இடம் இருக்காது. நிர்வாகத்தின் செலவில் நடக்கிற ரசிகர் குழு, நிர்வாகத்துக்கு இன்னொரு விளம்பரப் பலகை. அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. இதை நான் இன்றைக்கும் முழுதாக நம்புகிறேன். ராத்திரி வெகுநேரம் பேசி, கடைசியில் கை தூக்கச் சொல்லி, எதையும் வாங்குவதில்லை என்று முடிவானது. சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். மேளத்தோலுக்கு எங்களுக்குள்ளேயே வசூல் செய்தோம்.

அதன் பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். திட்டு இல்லை, கோரிக்கைப் பட்டியலும் இல்லை. பெயர், நிறம் இரண்டைப் பற்றி மட்டும் பேச நேரம் கொடுங்கள், ஸ்பான்சர் தரப்பும் வந்தால் நல்லது என்று கேட்டோம். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மனு வாங்கிய கையெழுத்தின் நகலை இணைத்து இரண்டாவது அனுப்பினோம். கூப்பிட்டார்கள்.

அந்தச் சந்திப்பில் முதல் அரைமணி நேரம் நாங்கள் பேசவே இல்லை. "செலவு என்னன்னு சொல்லுங்கண்ணே" என்று மட்டும் கேட்டார் பெரியவர். செயலாளர் ஒரு டைரியை எடுத்து வாசித்தார். லீக் கட்டணம், பந்து, ஷூ, ஷின் கார்டு, வேன் வாடகை, பயிற்சியாளர் சம்பளம், காயத்துக்கு ஸ்கேன், மேட்ச் முடிந்து பையன்களுக்குச் சாப்பாடு. பாதிக்குமேல் அவர் கைக்காசு. எங்களில் யாருக்கும் இது தெரியாது. அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஸ்பான்சர் வராவிட்டால் அடுத்த சீசன் அணி இறங்குவதே சந்தேகம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

ஸ்பான்சர் தரப்பில் வந்தவர் இளைஞர், கால்பந்து பார்ப்பவர். அவரிடம் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் கதையைச் சொன்னான் எங்கள் மேளக்காரன். 1889இல் தொடங்கிய கிளப், 2020இல் ஏ.டி.கே. என்ற இன்னொரு கொல்கத்தா அணியோடு இணைந்தபோது அந்த மூன்றெழுத்து பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற கையோடு உரிமையாளரே அந்த எழுத்துகளை எடுத்துவிடுவதாக அறிவித்தார். வேல்ஸில் கார்டிஃப் சிட்டி 2012இல் நீலத்தை விட்டுச் சிவப்புக்குப் போய், 2015இல் திரும்ப நீலத்துக்கே வந்தது. இங்கிலாந்தில் 2025இல் சட்டமே வந்துவிட்டது: அந்தச் சட்டத்துக்குள் வருகிற கிளப்புகள் தங்கள் சின்னத்தையோ ஹோம் ஜெர்சியின் பிரதான நிறத்தையோ பெரிதாக மாற்ற, ரசிகர்களில் பெரும்பான்மை ஒப்புக்கொள்ள வேண்டும். "உங்க பேர ஜனங்க திட்டிக்கிட்டே சொல்லணுமா, சந்தோஷமா சொல்லணுமா சார்?" என்று கேட்டான். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

நாங்கள் எழுதிக்கொண்டு போன யோசனையை வைத்தோம். கிளப் பெயர் பெயராகவே இருக்கட்டும். ஹோம் ஜெர்சி மஞ்சள். வெளி மேட்ச் ஜெர்சி உங்கள் ஊதாவிலேயே இருக்கட்டும். இரண்டு ஜெர்சியிலும் நெஞ்சில் உங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிதாக வரட்டும், பயிற்சி ஆடையிலும் வரட்டும். பதிலுக்கு, பந்துச் செலவையும் வெளி மேட்ச் வேன் வாடகையையும் ரசிகர் குழு மாத வசூலில் ஏற்றுக்கொள்ளும். நிர்வாகத்திடம் எதுவும் வாங்க மாட்டோம் என்று சொன்னவர்கள் நிர்வாகத்துக்குக் கொடுக்க வந்தது செயலாளருக்கு ஆச்சரியமாக இருந்தது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஒரே நாளில் முடியவில்லை. ஸ்பான்சர் தொகையைக் குறைத்தார். எங்களுக்கு வலித்தது, ஏனென்றால் அந்தக் குறை கடைசியில் ஆட்டக்காரப் பையன்களின் ஷூவில்தான் தெரியும். பெற்றோர் சிலர் என்னிடம் நேராகவே கேட்டார்கள்: "கலரு முக்கியமா, புள்ளைங்க காலு முக்கியமா?" நியாயமான கேள்வி. பழைய ஆட்டக்காரர்களிடம் போனோம். இந்த அணியில் ஆடி வேலைக்குப் போனவர்கள் ரயில்வேயிலும் போலீஸிலும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு ஜோடி ஷூ என்று கேட்டோம். பலர் தந்தார்கள். மஞ்சள் ஜெர்சி மாறாது என்று தெரிந்ததால்தான் தருகிறேன் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

பொதுக்குழு கூடுவதற்குள் எங்கள் உறுப்பினர் மனுக்களைச் செயற்குழு ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றையும் இல்லை, வேறு அணிக்காரர்கள் என்று சொல்லிச் சிலரைத் தள்ளிவிட்டார்கள். பொதுக்குழுவில் பெயர் மாற்றப் பேச்சு எழவே இல்லை. ஹோம் ஜெர்சி நிறத்தை மாற்றப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பைலாவிலேயே அதைச் சேர்க்க வேண்டும், அது அடுத்த வேலை. செயற்குழுவில் எங்களுக்கு இரண்டு இடம் கேட்டோம், ஒன்று கிடைத்தது. பெரியவர் போகிறார்.

இப்போது மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு, நிர்வாகிகளும் நாங்கள் மூவரும் உட்காருகிறோம். ஐரோப்பிய போட்டிகளில் ஆட விரும்பும் கிளப்புகள் ரசிகர் தொடர்புக்கென்றே ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவின் உரிம விதி. எங்களுக்கு அந்த வசதி இல்லை, செயலாளரும் டீயும்தான். ஆனால் பேசியதை அன்றே எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து போட்டு, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். மேட்ச் நேரம் மாறினால் முதல் நாளே தகவல் வருகிறது. ரெஃப்ரியைத் திட்டினால் கிளப்புக்குத்தான் அபராதம் என்பதால் கூட்டத்தை அடக்குவது எங்கள் பொறுப்பு. அது சுலபமாக இல்லை, முக்கியமாகப் பக்கத்து ஏரியா அணியோடு ஆடும்போது.

நடக்காததும் இருக்கிறது. பழைய வருடங்களின் கணக்கைக் கேட்டோம், "தேடுறேன்" என்ற பதில்தான் இன்னும் வருகிறது. அவர் கைக்காசு போட்டவர் என்பதால் கேட்கவே கூடாது என்று எங்களிலேயே சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, கைக்காசு போட்டவருக்குத்தான் கணக்கு முதல் பாதுகாப்பு. பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் சாயங்கால நேரம் கேட்டிருக்கிறோம். இப்போது கிடைப்பது விடியற்காலை மட்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அது கஷ்டம். போன கூட்டத்தில் வாரத்தில் இரண்டு நாள் தரலாம் என்று செயலாளர் அண்ணன் வாயால் சொன்னார். எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம். வருகிற முதல் ஞாயிறு அதுதான் முதல் பொருள்.