கூட்டத்துக்கு நடுவே பழைய டெல்லி: கேமராவோடு நடந்து பார்த்தது

பழைய டெல்லியில் காலை வேளையில் வழிகாட்டி ஒருவர் அழைத்துப்போகும் பாரம்பரிய நடைகளில் கொஞ்ச காலமாகக் கலந்துகொண்டு வருகிறேன். ஜாமா மசூதியில் தொடங்கி தரீபா கலான், கினாரி பஜார் வழியாகச் சாந்தினி சௌக்குக்கு வந்து, மேற்குக் கோடியில் இருக்கும் ஃபதேபுரி மசூதியைப் பார்த்துவிட்டு, காரி பாவ்லி மசாலாச் சந்தையில் முடியும் வழி அது. ஒரு குழுவில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வழிகாட்டிதான் முடிவு செய்வார். படம் எடுப்பவருக்கு அங்கே இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம்.

இப்படிப்பட்ட நடையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது லென்ஸோ கேமராவோ அல்ல, எந்தக் கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதல் நாள் இரவே வரைபடத்தில் குறித்துக்கொண்டதுதான். நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் வெயில் எங்கே விழும் என்பது தெரிந்துவிட்டால், கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் எங்கே போய் நிற்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஜாமா மசூதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கா நமக்கு மேற்கே இருப்பதால் இங்குள்ள மசூதிகளில் தொழுகைச் சுவர் மேற்கில் இருக்கும், முகப்பு கிழக்கைப் பார்த்திருக்கும். ஆக, காலை நடைக்கு மசூதியைப்போல் பொருத்தமான கட்டடம் வேறில்லை. ஷாஜகான் 1650இல் தொடங்கி 1656இல் முடித்த இந்த மசூதியின் சிவப்பு மணற்கல்லும் வெள்ளைப் பளிங்கும் எட்டு மணி வெயிலில் அப்படியே எழுந்து நிற்கின்றன. குளிர்காலம் இன்னும் நல்லது. சூரியன் தென்கிழக்கிலேயே தாழ்வாக நகர்வதால், முற்றத்தில் நின்று முகப்பைப் பார்க்கும்போது வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். வளைவுகளின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுந்து, கல்லில் செதுக்கிய ஆழம் தெரியும். பனிமூட்டமும் புகையும் கலந்த நாட்களில் இது எதுவும் நடக்காது. அன்றைக்குத் தூரக் காட்சிகளை விட்டுவிட்டுக் கதவு, படிக்கட்டு, கல்வேலை என்று அருகில் இருப்பதை மட்டும் எடுக்கிறேன்.

பளிங்கும் சிவப்புக் கல்லும் ஒரே ஃபிரேமில் வரும்போது கேமரா தடுமாறும். சிவப்புக் கல்லுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் பளிங்குக் குவிமாடம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை, முக்கால் ஸ்டாப் (ஒளியளவின் ஒரு படி) போலக் குறைத்து, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்து, வீட்டுக்கு வந்து நிழல் பகுதியை மட்டும் உயர்த்துவது நல்ல பலன் தருகிறது. மற்றபடி அமைப்புகளை நடை முழுக்க மாற்றுவதில்லை. லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாதபடி ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் முறை), 35 எம்எம் கோணம் தரும் ஒரே லென்ஸ். முக்காலியை எடுத்துப்போவதே இல்லை. அதை விரிக்க இடமும் இல்லை, குழு காத்திருக்கவும் காத்திருக்காது.

கூட்டமே இல்லாத படம் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. தூணில் சாய்ந்து கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, சில நொடி இடைவெளியில் ஒரே காட்சியைப் பத்துப் பன்னிரண்டு முறை எடுக்க வேண்டும். அப்புறம் ஃபோட்டோஷாப்பில் எல்லாவற்றையும் அடுக்கி, ஒழுங்காகப் பொருத்தி, ‘மீடியன்’ முறையில் ஒன்றாக்கினால், ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பாலான படங்களில் இருந்த நிறம் மட்டும் மிஞ்சும். நடந்துபோனவர்கள் மறைந்துவிடுவார்கள். புறாக்களும் மறைந்தன. ஹவுஸ் எனப்படும் நடுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மட்டும் அசையாததால் அப்படியே இருந்தார்கள்.

படம் சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் பக்கத்தில் சாதாரணப் படத்தை வைத்துப் பார்த்ததும் எனக்குச் சாதாரணப் படம்தான் பிடித்தது. 25,000 பேர் ஒன்றாகத் தொழ இடம் உள்ள முற்றம் அது. ஆளே இல்லாமல் காட்டினால் அதன் அளவு கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. சுமார் 40 மீட்டர் உயர மினாருக்கு அடியில் ஒரு குடும்பம் நடந்துபோனால்தான் அந்த உயரம் உறைக்கிறது. இப்போதெல்லாம் கூட்டத்தை அழிக்கப் பார்ப்பதில்லை. யாராவது ஒருவர் வளைவுக்கு நேராக வரும்வரை காத்திருக்கிறேன்.

மசூதியிலிருந்து வெளியேறியதும் கதை வேறு. தரீபாவிலும் கினாரி பஜாரிலும் தலைக்கு மேலே மின்கம்பிகளும் கேபிள்களும் பின்னிக் கிடக்கும். சந்தின் அகலம் சில இடங்களில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசும் அளவுதான். கடைகள் திறக்கப் பதினொரு மணி ஆகும் என்பதால் காலையில் ஷட்டர்களும் மேல்மாடங்களும் தெளிவாகத் தெரியும். கினாரி பஜாரிலிருந்து பிரியும் நௌகரா சந்தில் ஜைனக் குடும்பங்களின் ஒன்பது ஹவேலிகள் (பழைய மாளிகை வீடுகள்), வண்ணம் தீட்டிய வாசல்களோடு வரிசையாக நிற்கின்றன. கோடியில் ஒரு ஜைனக் கோயில். வெயில் நேரடியாக உள்ளே இறங்காத இடம் என்பதால் வண்ணங்கள் வெளிறாமல் கிடைக்கும். கேமராவை நிமிர்த்தாமல் கிடைமட்டமாகப் பிடித்தால்தான் கதவுச் சட்டங்கள் சாயாமல் நேராக நிற்கும். மேல்பகுதி வேண்டுமென்றால் எதிர்வீட்டுப் படியில் ஏறி நிற்பேன். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், அதனால் கேட்டுவிட்டுத்தான் ஏறுவது. “பாய் சாப், ஏக் ஃபோட்டோ?” என்று சிரித்துக் கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பு கிடைக்கிறது. வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சாந்தினி சௌக் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஷாஜகானின் மகள் ஜஹானாரா வடிவமைத்த கடைத்தெரு, ஒருகாலத்தில் நடுவே கால்வாய் ஓடியது. 2021இல் சீரமைத்த பிறகு செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபுரி வரை காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. இந்தத் தெருவில் திசைக் கணக்கு இன்னும் சுவாரசியம். வடபுறம் இருக்கும் பழைய டவுன் ஹால் தெற்கைப் பார்த்திருப்பதால் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட நாள் முழுக்க வெயில் படும். தென்புறம் சீஸ்கஞ்ச் குருத்வாராவை ஒட்டி மாடிமேல் இருக்கும் சிறிய சுனேரி மசூதிக்கோ தெருவிலிருந்து பார்த்தால் எப்போதும் எதிர்வெயில்தான்.

1739இல் பாரசீக மன்னன் நாதிர் ஷா அந்த மசூதியில் உட்கார்ந்துகொண்டுதான் டெல்லி மக்களைக் கொன்று குவிக்க ஆணையிட்டான். வழிகாட்டி அதைச் சொல்லும்போது நான் கேமராவைத் தொடவே இல்லை. கேட்டு முடித்த பிறகு, தெருவின் மறுபக்கம் போய், எதிர்வெயிலை மறைக்காமல், குவிமாடங்கள் கறுப்பு உருவங்களாகத் தெரியும்படி எடுத்தேன். கீழே ரிக்‌ஷாக்களும் சுமைவண்டிகளும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கின்றன. இதுவரை எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். கதையைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சின்ன மசூதியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

கேட்பதா எடுப்பதா என்ற இழுபறிக்கு நான் கண்ட வழி இது. அடுத்து எங்கே நிற்போம் என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, நடக்கும்போது குழுவுக்கு முன்னால் போய்விடுவேன். அவர்கள் வந்து சேர்வதற்குள் முகப்புப் படம் முடிந்துவிடும். அவர் பேசும்போது காது முழுக்க அவரிடம். அவர் விரலால் சுட்டிக்காட்டும் சிறு விவரத்தை மட்டும் கடைசியில் ஒன்றிரண்டு எடுப்பேன்.

ஃபதேபுரி மசூதியும் 1650ஐச் சேர்ந்தது, ஷாஜகானின் மனைவியரில் ஒருவரான ஃபதேபுரி பேகம் கட்டியது. முகப்பு கிழக்கே பார்த்தது, பத்து மணிக்கும் வெளிச்சம் நன்றாக இருக்கும். அதை அடுத்த காரி பாவ்லியில் மிளகாய் நெடி மூக்கைத் துளைக்கும், இருமல் அடங்க நேரமாகும். அங்கே கதோடியா மார்க்கெட் மொட்டைமாடியிலிருந்து கீழே சுமைக்காரர்கள் மூட்டை தூக்கிப் போவதை மேலிருந்து எடுக்கலாம். கீழே நின்று அவர்கள் வழியை மறிப்பதைவிட இதுவே மரியாதை, படமும் நன்றாக வருகிறது.

மிச்சமிருப்பது செங்கோட்டை. அதன் லாகோரி வாசல் மேற்கைப் பார்த்தது. காலையில் முழுக்க நிழல். அதோடு வாசலுக்கு முன்னால் ஔரங்கசீப் எழுப்பிய தடுப்புச் சுவர் பாதியை மறைத்துவிடும். காலை நடையில் அதற்கு வழியே இல்லை. அதனால் அடுத்து ஒரு மாலை நடையில் பெயர் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்தாயிற்று. நீளமான லென்ஸ் ஒன்றை நண்பரிடம் கேட்டிருக்கிறேன். சாந்தினி சௌக் பக்கமிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே வாசலின் எந்த அளவு தெரியும் என்பதை அன்றைக்குப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.