செட்டிப்புடவில் வெயில் இறங்கும் நேரம்

மதுரையிலிருந்து தேனி சாலையில் செல்லும் பேருந்தில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து தெற்கே கீழக்குயில்குடி வரை நடந்து செல்வதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். சமணர் மலையின் அடிவாரம் வரைக்கும் வண்டியிலேயே போய்விடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். இருந்தாலும், மூன்று கிலோமீட்டர் அளவிலான அந்த நடைதான் மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருகிறது. கடந்த தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நண்பர் ஒருவரை முதன்முறையாக அழைத்துச் சென்றேன்.

மூன்று மணிக்குப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் ஆளுக்கொரு டீயும் உளுந்த வடையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நமக்குப் பின்னால், வடமேற்கில், நாகமலை நீண்டு கிடக்கிறது. பெயருக்கு ஏற்றபடி அது பாம்புதான். பாண்டியனை அழிக்கச் சமணர்கள் ஏவிய நாகம் சிவனருளால் மலையாகிப் போனது என்றும், அடுத்து ஏவிய மாயப்பசு பசுமலையானது என்றும் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. கதை அப்படியிருக்க, அந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில் சமணர்கள் உண்மையாகவே வாழ்ந்த மலை ஒன்று சமண சமயத்தின் பெருங்குருமார்களான தீர்த்தங்கரர்களின் திருமேனிகளுடன் நிற்பதும், அதன் அடியில் அய்யனாரும் கருப்பசாமியும் கோயில் கொண்டிருப்பதும் மதுரைக்கே உரிய விசித்திரம் என்று நடந்தபடியே நண்பரிடம் சொன்னேன். அவருக்கு அப்போது கதையைவிட வெயில்தான் பெரிதாக இருந்தது.

அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் அதைச் சுற்றியுள்ள ஆலமரங்களையும் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அங்கே பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் ஒரு கட்டு வாங்கினோம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கு. தோலை உரித்து, நடுவில் உள்ள குருத்தைக் கிள்ளியெடுத்துவிட்டு, நாரை இழுத்தபடி மெல்ல வேண்டும். அவசரக்காரர்களுக்கான தீனி இல்லை. “மேல போறீகளா? பொழுது சாயுமுன்ன எறங்கிருங்கய்யா” என்று அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள், கையில் டார்ச் இல்லை என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மலையில் பார்க்க வேண்டிய இடங்கள் முக்கியமாக இரண்டு. கிழக்குச் சரிவில் பேச்சிப்பள்ளம், தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்னும் குகை. வருகிறவர்களில் பலர் முதலில் செட்டிப்புடவைப் பார்த்துவிட்டு, பிறகு பேச்சிப்பள்ளத்தின் வழியாக உச்சிக்கு ஏறி அங்கிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வரிசை தலைகீழானது என்று தோன்றும். மாலையில் கிழக்குச் சரிவில் நிழல் விழுந்துவிடுவதால், படிகளில் ஏறுவதற்கு அந்த நேரம் இதமானது. தென்மேற்குச் சரிவிலோ கடைசி வெயில் நேரடியாகக் கல்லின் மேல் விழும். ஆகவே பேச்சிப்பள்ளத்தை முதலிலும் செட்டிப்புடவைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே என் முறை.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிறு சுனையும், அதை அடுத்த பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகளும் உள்ளன. ஐந்து தலை நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரை எளிதில் அடையாளம் காணலாம். கால்களில் கொடி படர நிற்பவர் சமணத் துறவியான பாகுபலி. அவற்றின் கீழே 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் ஓடுகின்றன. செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்லும் சிறிய வாசகங்கள்தாம் அவை. அவற்றுள் அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்றும் உண்டு. அச்சணந்தியின் பெயர் தமிழகத்து மலைகள் பலவற்றில் காணப்படுகிறது. மலை மலையாகச் சென்று திருமேனிகளை வடிக்கச் செய்த அந்த மகனுக்காக ஒரு தாய் இங்கே ஒன்றைச் செய்து வைத்தாரா, அல்லது தன் பொருட்டே செய்தாரா என்பதைக் கல் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறேன்.

அதற்கும் மேலே, பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் எழுந்த மாதேவிப் பெரும்பள்ளி என்னும் சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இன்னும் உயரத்தில் ஒரு விளக்குத் தூணும் கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. கன்னட நாட்டிலிருந்து துறவிகள் இவ்வளவு தொலைவு நடந்தே வந்திருப்பார்கள் என்று நான் சொன்னபோது, மூன்று கிலோமீட்டருக்கே முணுமுணுத்த நண்பர் பேசாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அங்கிருந்து தென்கிழக்கே திருப்பரங்குன்றம் வட்டக் கல்லாகத் தெரிந்தது. காற்று மாறும்போதெல்லாம் நான்குவழிச் சாலையின் இரைச்சலும் வந்து போயிற்று. சூரியன் மறைவதை உச்சியிலேயே இருந்து பார்த்துவிடலாம் என்று அவர் எவ்வளவோ சொல்லியும், ஐந்தேகால் மணிக்கு அவரை இறக்கிக்கொண்டு செட்டிப்புடவுக்குப் போனேன்.

புடவு என்றால் குகை. குகையின் வெளியே இடப்புறத்தில் பெரிய உருவமாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதுகளைக் கண்ட ஊர்மக்கள் அவரைச் செட்டியாராக்கிவிட்டார்கள் என்பதே பெயருக்குச் சொல்லப்படும் காரணம். உள்ளே, மேற்பாறையின் வளைவில் ஐந்து சிற்பங்கள். முதலாவதில் சிங்கத்தின் மேல் அமர்ந்த இயக்கி என்னும் சமணப் பெண்தெய்வம் ஒருத்தி யானை மேல் வரும் வீரனை எதிர்த்து வில்லை வளைத்திருக்கிறாள். நடுவில் முக்குடையின் கீழ் மூன்று தீர்த்தங்கரர்கள் அமைதியாக அமர்ந்திருக்க, கடைசியில் அம்பிகை இயக்கி இருக்கிறாள். சீறும் சிங்கத்தையும் அசையாத தியானத்தையும் ஒரே வரிசையில் வைத்த சிற்பியின் துணிச்சலை நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

ஆறு மணிக்கு மேல்தான் நான் காத்திருந்தது நடந்தது. தை மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. தெற்கே நன்றாகத் தள்ளி, இந்தச் சரிவுக்கு ஏறக்குறைய எதிரிலேயே இறங்குகிறது. நண்பகலில் தட்டையாகத் தோன்றும் பாறை, சாய்ந்த ஒளியில் உளித்தடங்களைக் காட்டத் தொடங்கியது. திருமேனியின் மடித்த கால்களில் முதலில் நிழல் ஏறியது. பிறகு மார்பு, தோள், கடைசியில் அந்தக் காதுகள். முகத்தில் மட்டும் சிவந்த வெயில் தங்கியிருந்த அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் நாங்கள் இருவரும் சூரியனைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது, வயல்களுக்கும் பனைகளுக்கும் அப்பால் அது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சித்திரை, வைகாசியில் சூரியன் வடமேற்கே நாகமலைப் பக்கம் போய்விடும். அப்போது அடிவாரத்தில் நுங்கு கிடைக்கும் என்றாலும் இந்த ஒளி கிடைக்காது.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாகக் கால்வைத்து இறங்கியதில் நண்பரின் செருப்பு வார் அறுந்தது. ஆலமரத்தடியில் பாட்டி கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். நல்லவேளை, அவர் பார்வையில் படவில்லை.

மதுரைக்குத் திரும்பியதும், எங்கள் தெருமுனையில் மாலைதோறும் நிற்கும் பருத்திப்பால் வண்டிக்குப் போனோம். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்ப்பூவைத் தூவிக் கொடுப்பார்கள். நடந்து களைத்த காலுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அறுந்த செருப்பை ஒரு கையிலும் தம்ளரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை தான் உச்சியில்தான் உட்காரப்போவதாக நண்பர் அறிவித்தார். நீங்கள் உச்சியில் இருங்கள், இறங்கி வரும்வரை நான் செட்டிப்புடவில் இருக்கிறேன் என்றேன்.