முப்பது அடி ஓட்டிய கார்

காட்சிமுனைக்கு 12 கிலோமீட்டர். சூரிய உதயம் 5.50க்கு. ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும் என்று முதல் நாள் இரவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பயணத்தில் நான் போடும் கணக்குகள் எல்லாம் தாளில் சரியாகத்தான் இருக்கும்.

நாலே முக்காலுக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. பின்னால் நிற்கும் வேன் புறப்பட வேண்டும், என் கார் வழியை மறிக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கிப் போய், ஸ்டார்ட் செய்து, காரை முப்பது அடி முன்னால் நகர்த்தி ஒரு மரத்தடியில் நிறுத்தி அணைத்தேன். எஞ்சின் ஓடியது அரை நிமிடம்கூட இருக்காது. மேலே போய்ப் பையைக் கட்டி, மனைவியை அழைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பி வந்தேன்.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

எங்கள் காரின் செல்ஃப் வழக்கமாகக் கொஞ்சம் முனகிக்கொண்டு, பாரம் இழுப்பதுபோல் சுற்றும். அன்று வேகமாக, ஒரே சீராக, தண்ணீர் இல்லாத கிணற்றில் ராட்டினம் ஓடுவதுபோல் சுற்றியது. அந்த வித்தியாசம் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடியும். ஆக்ஸிலரேட்டரைக் காலால் பம்ப் அடித்துப் பார்த்தேன். அப்பா ஓட்டிய பழைய கார்புரேட்டர் வண்டியில் பார்த்துப் பழகிய வித்தை அது. பெட்ரோலைக் கணினி சொல்படி தெளிக்கும் இன்ஜெக்டர் வைத்த வண்டியில் அந்த மிதி பெட்ரோலைப் பீய்ச்சாது, காற்று போகும் கதவை மட்டும் திறந்து மூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதாவது, அந்தக் குளிரில் என் கால் செய்தது வெறும் உடற்பயிற்சி.

1912இல் காடிலாக் கார்களில் மின்சார செல்ஃப் வருவதற்குமுன் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அந்தக் காலமாக இருந்திருந்தால் நாலாவது முயற்சியில் தோள்வலியே எனக்குப் புத்தி சொல்லியிருக்கும். இரண்டு விரலால் சாவியைத் திருப்புகிறவனுக்கு யார் சொல்வது?

"என்னங்க, பெட்ரோல் வாசனை வருகிறதே" என்றாள் மனைவி. நான் எட்டாவது முறையாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வேன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதன் ஓட்டுநர் இறங்கி வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டு. "தம்பி, போதும். சாவியை விட்டுவிடுங்கள்" என்றபடி நேராகக் காரின் பின்பக்கம் போனார். குனிந்து சைலன்சர் முனைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனார். நிமிர்ந்தவர், "பெட்ரோல் மிஞ்சிவிட்டது. பிளக் நனைந்திருக்கும். எனக்கு வழிவிடத்தானே நகர்த்தினீர்கள்? இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்திருக்கலாம்" என்றார்.

பிறகு காத்திருந்த கால் மணி நேரத்தில் அவர் சொன்னதையும், ஊர் திரும்பிய பிறகு மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் எரிவது ஆவிதான், திரவம் அல்ல. குளிர்ந்த உலோகத்தில் படும் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. அதனால் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று வெப்ப உணரி சொன்னதும், காரின் கணினி வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்கிறது. ஓடிச் சூடேறினால் அந்த உபரி எரிந்து போய்விடும். அரை நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கிவிடும். அடுத்து சாவியைத் திருப்பும்போது கணினிக்கு அது தெரியாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் மேலும் தெளிக்கும். நான் எட்டு முறை தெளிக்க வைத்திருக்கிறேன்.

ஸ்பார்க் பிளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர். பொறி அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நனைந்து கரியும் படிந்திருந்தால், மின்சாரம் குதிக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் அந்தக் கரி வழியாகவே வழுக்கிக்கொண்டு போய்விடும். செல்ஃப் ஏன் லேசாகச் சுற்றியது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடுகிறது. பிஸ்டன் வளையத்தைத் தாண்டி அழுத்தம் கசிகிறது. அழுத்தம் குறைந்தால் பாரமும் குறைவு. பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் திணறும், அல்லது டிக் டிக் என்று மட்டும் கேட்கும். பெட்ரோலே வரவில்லை என்றால் வாசனை இருக்காது. எனக்கு வாசனையும் இருந்தது, வேகமும் இருந்தது. இதைவிடத் தெளிவாகக் கார் எப்படிச் சொல்லும்?

மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. விடுதிக்கு எதிரே நல்ல இறக்கம். "உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் கிளம்பிவிடாதா?" பெரியவர் பதறிவிட்டார். "வேண்டாம் அம்மா. எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் எளிதில் திரும்பாது. மலை இறக்கத்தில் அந்த விளையாட்டு கூடாது." இன்னொரு காரணமும் இருக்கிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய், எஞ்சின் பிடித்ததும் அங்கே எரியத் தொடங்கும். அது அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு உருகிவிடலாம். அதன் விலையோடு ஒப்பிட்டால் ஓர் உதயத்தை விட்டுக்கொடுப்பது லாபம்.

முதல் மருந்து, சும்மா இருப்பது. பதினைந்து நிமிடம். விளக்கு, காற்று விசிறி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொன்னார். மிச்சமிருக்கும் பேட்டரி முழுவதும் செல்ஃபுக்கு வேண்டும். சும்மா இருப்பது எனக்குக் கைவராத கலை. காரை மூன்று முறை சுற்றி வந்தேன். பானட்டின் மேல் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. கிழக்கில் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

பிறகு அவர் சொன்ன வழியை முதலில் நான் நம்பவில்லை. "ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துங்கள். பம்ப் அடிக்காதீர்கள். அழுத்தியபடியே செல்ஃப் அடியுங்கள். பத்து எண்ணியதும் விட்டுவிடுங்கள்." பெட்ரோல் மிஞ்சிய வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரா? விக்கலுக்குத் தண்ணீர் சரி, மூழ்கியவனுக்குமா?

விஷயம் வேறு. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மிதி முழுதாக அழுந்தியிருந்தால், இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான கார்களில் கணினி அதை ஒரு சைகையாக எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்திவிடும். காற்றுக் கதவு முழுதாகத் திறந்திருக்கும். செல்ஃப் சுற்றச் சுற்ற வெறும் காற்று உள்ளே போய் ஈரத்தை அள்ளிக்கொண்டு வெளியேறும். கார்புரேட்டர் வண்டியிலும் இதே வழிதான். அங்கே காற்றைக் குறைக்கும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பம்ப் அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் கூடுதலாக விழும்.

முதல் பத்து எண்ணிக்கையில் ஒன்றும் நடக்கவில்லை. செல்ஃப் மோட்டார் சூடேறாமல் இருக்க ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார். இரண்டாவது முறை ஏழாவது எண்ணில் ஒரு தும்மல். "விடாதீர்கள், விடாதீர்கள்" என்று ஜன்னல் விளிம்பைத் தட்டினார். ஒன்பதில் இன்னொரு தும்மல், பிறகு ஒற்றைக்காலில் நொண்டுவதுபோல் ஒரு சிலிண்டர் மட்டும் அடித்தது, பிறகு கார் முழுவதும் உதறியபடி நான்கும் பிடித்துக்கொண்டன. சட்டென்று மிதியைத் தளர்த்தினேன். பின்னால் கரும்புகை மேகமாக எழுந்து மரத்தை மறைத்தது. கண் எரிந்தது. அத்தனை துர்நாற்றத்தை அத்தனை மகிழ்ச்சியோடு நான் முகர்ந்ததே இல்லை.

"பத்து நிமிடம் இப்படியே ஓடட்டும். அணைத்துவிடாதீர்கள்" என்றார் பெரியவர். வேனில் இருந்தவர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

ஊருக்கு வந்து பிளக்குகளைக் கழற்றியபோது நான்கின் முனையும் கரியேறி அடுப்புக் கரண்டி மாதிரி இருந்தன. மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டதாம். ஆயில் அளவுக் கம்பியை மெக்கானிக் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை. ஆயிலையும் மாற்றினோம். நடந்ததைத் தொலைபேசியில் கேட்ட மைத்துனர், எஞ்சினுக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்யவே கூடாது என்று அரை மணி நேரம் பேசினார். தண்ணீருக்கு அவர் சொன்னது சரி. தண்ணீர் அழுத்தத்துக்கு மசியாது, பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். என் கதை வேறு என்று சொல்ல இடமே தரவில்லை.

காட்சிமுனைக்கு ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சூரியன் நன்றாக மேலே ஏறிவிட்டிருந்தது. அவ்வளவு தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சினை அணைத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை சாவிப் பக்கம் போகவில்லை. "நீ முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா. நான் வண்டியிலேயே இருக்கிறேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"வெறும் மூடுபனிதான். இருந்தாலும் நீங்களும் போய்ப் பாருங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்."