ஒரு பட்டன் வெக்காம மைக்ரோமவுஸ் போட்டிக்குப் போன கதை

தேர்ட் இயர் படிக்கும்போது நாங்க நாலு பேர் மும்பை ஐஐடி டெக்ஃபெஸ்ட்ல நடந்த இன்டர்நேஷனல் மைக்ரோமவுஸுக்குப் போனோம். தெரியாதவங்களுக்கு, இது உள்ளங்கை சைஸ் ரோபோ, யாரும் ஓட்டக்கூடாது, அதுவா மேஸுக்குள்ள (சுவர் வெச்ச புதிர்ப்பாதை) சுத்தி மேப் போட்டுக்கிட்டு நடுவுல இருக்குற நாலு கட்டத்துக்குப் போய் சேரணும். ஏன் நடுவுலன்னா, 1979ல நியூயார்க்ல நடந்த போட்டில வெளிய போற வழி ஓரத்துல இருந்துச்சு, அதனால மூளையே இல்லாம சுவத்தை ஒட்டிக்கிட்டே ஓடின ஒரு மவுஸ் தான் வேகமான டைம் போட்டுச்சாம்.

ஃபுல் மேஸ் 16க்கு 16 கட்டம், ஒரு கட்டம் 18 செ.மீ., அதாவது ஒன்பதரை அடிக்கு ஒன்பதரை அடி. எங்க ஹாஸ்டல் ரூமே அவ்ளோ இல்ல. அதனால கோயம்புத்தூர்ல ஒரு கார்பென்டர் அண்ணா கிட்ட 8க்கு 8 மட்டும் செய்ய சொன்னோம். டிராயிங்க பாத்துட்டு "எலிப்பொறிங்களா தம்பி?"ன்னாரு, ஆமாங்ணான்னு சொல்லிட்டோம், விளக்க தெம்பு இல்ல. பாவம், நல்லா இருக்கட்டும்னு சுவத்துக்கெல்லாம் பளபளன்னு வெள்ளை எனாமல் அடிச்சு குடுத்தாரு. அங்க தான் ஆப்பு.

ஃப்ளட் ஃபில் கோட், அதாவது ஒவ்வொரு கட்டமும் நடுவுல இருந்து எவ்ளோ தூரம்னு நம்பர் போட்டு வழி கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம், ரெண்டு வாரத்துல முடிஞ்சுது, மீதி மூணு மாசமும் ஐஆர் சென்சாரோட தான் குடும்பம் நடத்துனோம். அதுல இருக்குற எல்இடி கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்த அடிக்கும், சுவத்துல பட்டு எவ்ளோ திரும்பி வருதுன்னு பாத்து சுவர் எவ்ளோ தூரம்னு கணக்கு போடும். ரூம் லைட் வெளிச்சம் குழப்புதுன்னு எல்இடிய ஆஃப் பண்ணி ஒரு ரீடிங், ஆன் பண்ணி ஒரு ரீடிங், கழிச்சா சரியா வந்துச்சு. போர்டுல இடம் பத்தல, கேலிபரேஷன் பட்டன் (போற இடத்து சுவத்துக்கு ஏத்த மாதிரி சென்சார் வேல்யூவ அங்கயே செட் பண்ணிக்கிற பட்டன்) வேணுமான்னு ஃப்ரெண்டு கேட்டான், நான் தான் எதுக்குடா, வேல்யூவ கோட்லயே போட்டுக்கலாம்னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

குர்லா எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள், மவுஸ டிபன் பாக்ஸ்ல பஞ்சு வெச்சு மடிலயே வெச்சிருந்தேன்.

அங்க மேஸ் சுவர் மினுமினுப்பே இல்லாத வெள்ளை. எங்க எனாமல்ல சாய்வா விழுற ஐஆர் வேற பக்கம் வழுக்கிட்டு போயிடும்னு குறைஞ்ச வேல்யூக்கு செட் பண்ணி வெச்சிருந்தோம், இங்க வெளிச்சம் நல்லா திரும்பி வருது, எங்க மவுஸ் தள்ளி இருக்குற சுவத்தையும் பக்கத்துலயே இருக்குன்னு நம்பி இல்லாத சுவத்தையெல்லாம் மேப்ல எழுதிக்கிச்சு. ஏழாவது கட்டத்துல வழியே இல்லன்னு முடிவு பண்ணி அப்படியே நின்னுடுச்சு. ரெண்டாவது ரன்லயும் அதே தான். மேஸ காட்டினப்புறம் லேப்டாப் கனெக்ட் பண்ணி கோட மாத்தவும் முடியாது.

எங்களுக்கு அப்புறம் ஒரு வெளிநாட்டு டீம். அதுல ஒருத்தன் டயர செல்லோ டேப்ல ரெண்டு உருட்டு உருட்டி தூசிய எடுத்தான், மவுஸ ஸ்டார்ட் கட்டத்துல வெச்சான், அங்க ரெண்டு பக்கமும் சுவர் இருக்கும்ல, ஒரு பட்டன அமுக்கினான், ரீடிங் எடுத்துக்கிச்சு, முன்னாடி கைய ஆட்டினான், அத சென்சார் பாத்து கெளம்பிடுச்சு. என் ஃப்ரெண்டு என்ன திரும்பி பாத்தான் பாருங்க, அந்த பார்வைக்கு திட்டியே இருக்கலாம்.

இப்போ போர்டுல பட்டன் இருக்கு. மேஸ் பழைய ரூம் பரண்ல கெடக்கு, வார்டன் எடுக்க சொல்லி கத்துறாரு, கோயம்புத்தூர்ல யாருக்காச்சும் வேணும்னா வந்து தூக்கிட்டு போங்க, மேட் பெயிண்ட் மட்டும் அடிச்சுக்கோங்க.